அலரியும் இலுப்பை மரத்தின் முதல் கவடும்

வலது கை பட்டையின் பிளவுக்குள் நுழைந்தது. இடது கால் மரத்தில் புடைத்திருந்த ஒரு முண்டின் மேல் நின்றது. அலரி மூச்சைப் பிடித்துக்கொண்டு உடம்பை மேலே இழுத்தது. இன்னும் அரை முழம் ஏறியது. முண்டு ஒடிந்தது.

விழுந்த சத்தத்தில் புதருக்குள் இருந்த காடைகள் பறந்து போயின.

"நெல்லுக் குதிர் சாய்ஞ்சுபோச்சுடோய்!" என்றது மேலே ஒரு குரல். கிளைக்குக் கிளை சிரிப்பு.

உயரத்திலிருந்து ஒரு சின்னக் குரல் மட்டும் சிரிக்கவில்லை.

"அம்மா, அடி பட்டுச்சா?"

"இல்லடி கண்ணு. சருகு மேலதான் விழுந்தேன். நீ சித்தி மடியில படு."

அலரி எழுந்து முழங்காலைத் தடவிக்கொண்டது. சருகு மேல் விழவில்லை. கல் மேல்தான் விழுந்திருந்தது.

அலரி ஒரு மந்தி. மலைக்கோயிலுக்குப் போகும் பாதையில் எட்டாவது வளைவை நீங்கள் கடந்திருந்தால், அங்கே தடுப்புச் சுவர்மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும் குரங்குக் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். வண்டிகள் அங்கே வேகம் குறையும். ஜன்னல் வழியாக வாழைப்பழம் வரும், முறுக்கு வரும், பிஸ்கட் வரும், சில நாள் புளியோதரைப் பொட்டலம் வரும். மற்ற குரங்குகள் பாய்ந்து பிடுங்கும். அலரிக்குச் சண்டை வராது. கையை நீட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். அந்த முகத்தைப் பார்த்தவர்கள் ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அப்படி மூன்று வருடம் போனது. முதலில் அலரி கிளைக்குக் கிளை தாவுவதை நிறுத்தியது. பிறகு ஓடுவதை நிறுத்தியது. மரம் ஏற முடியாமல் போனது எந்த நாளில் என்று கேட்டால் அலரிக்கே தெரியாது.

கூட்டம் இரவில் தங்குவது காட்டுக்குள் ஓடைக்கரை இலுப்பை மரத்தில். அடிமரம் நெடுநெடுவென்று போய், பதினாலு முழ உயரத்தில் இரண்டாகப் பிரியும். அதுதான் முதல் கவடு. அதற்கு மேலே இரண்டாவது, அதற்கும் மேலே மூன்றாவது. மூன்றாவது கவட்டில்தான் அலரியின் குட்டி நுங்கு தூங்கும், சித்தி தும்பையின் மடியில். அலரி கீழே, வேர்களுக்கு நடுவில் இருந்த பாறைப் பொந்தில் படுத்துக்கொள்ளும்.

"நுங்கு, படுத்துட்டியா?" என்று தினமும் கீழேயிருந்து கேட்கும்.

"படுத்துட்டேம்மா. நீ படுத்துட்டியா?"

"நானும் படுத்துட்டேன்."

இவ்வளவுதான் அந்தத் தாயும் குட்டியும் இரவு பேசிக்கொள்வது.

அன்று சிரிப்பு அடங்கியதும் கட்டையன் இறங்கி வந்தது. அதுதான் கூட்டத்தின் தலைவன். எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"அலரி, போன ஐப்பசி ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"ஓடைத் தண்ணி பொந்துக்குள்ள உன் கழுத்து வரைக்கும் வந்துச்சு. ரெண்டு பேர் உன்னைப் பிடிச்சு இழுத்து வேர் மேல நிறுத்தினோம். ராவெல்லாம் பிடிச்சுக்கிட்டே நின்னோம். இந்த வருஷம் அதுக்கு நாலு பேர் வேணும். என்கிட்ட நாலு பேர் இல்ல."

அலரி தன் வயிற்றைப் பார்த்தது.

"மழைக்கு முன்னாடி முதல் கவட்டுக்காவது ஏறி வந்துடு. இல்லேன்னா அந்தப் பாறைக் கரட்டுக்குப் போயிடு. அது மேடு, தண்ணி வராது."

"நுங்கு?"

கட்டையன் தன் வாலை எடுத்து அதில் இல்லாத பேனைத் தேடியது. "மொட்டைப் பாறையில குட்டி என்ன செய்யும்? பருந்து தூக்கிட்டுப் போயிடும். கூட்டத்தோட இருக்கட்டும். மழை விட்டதும் தை மாசம் வந்து பார்த்துக்க."

அப்போது ஆடி மாதம் தொடங்கியிருந்தது.

மறுநாள் காலை தடுப்புச் சுவரடியில் நரி வந்து நின்றது. கூட்டத்தின் பேச்செல்லாம் அதன் காதுக்கு எப்படியோ போய்விடும்.

"மரம் ஏறணுமாமே? இதெல்லாம் ஒரு கஷ்டமா? என் இடுப்பைப் பாரு. எப்படி இருக்கு?"

"சின்னதா இருக்கு நரியண்ணே."

"எப்படி வந்துச்சு? பட்டினி! ஏழே நாள் பல்லுல ஒண்ணும் படாம இரு. எட்டாம் நாள் நீ மரம் ஏற வேண்டாம், காத்தே உன்னைத் தூக்கிட்டுப் போய் உச்சியில வெச்சுடும்."

"ஏழு நாளா?"

"உன் குட்டிக்காக ஏழு நாள் தாங்க மாட்டியா?"

அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது.

"ஆனா ஒண்ணு," என்றது நரி. "தின்பண்டம் கண் முன்னாடி இருந்தா மனசு கெட்டுப்போகும். வர்றதையெல்லாம் என்கிட்ட குடுத்துடு. உனக்காக அந்தச் சிரமத்தை நான் படறேன்."

முதல் நாள் அலரி எல்லாவற்றையும் நரிக்குக் கொடுத்தது. பெருமையாக இருந்தது. இரண்டாம் நாள் தலை வலித்தது. மூன்றாம் நாள் தடுப்புச் சுவர் இரண்டாகத் தெரிந்தது. மாலையில் மரத்தடிக்குப் போனபோது ஒரு முழம் கூட ஏற முடியவில்லை.

நான்காம் நாள் கல்யாணக் கூட்டம் ஒன்று பஸ்ஸில் வந்தது.

அப்புறம் நடந்தது அலரிக்குச் சரியாக நினைவில்லை. ஒரு தார் வாழைப்பழம். நான்கு பொட்டலம் புளியோதரை. ஒரு பை வேர்க்கடலை. நரியின் வாயில் பாதி உள்ளே போயிருந்த முறுக்கை அலரி பிடுங்கியது மட்டும் எல்லாருக்கும் நினைவிருந்தது.

"என் முறுக்கு!" என்று நரி கத்திக்கொண்டு ஓடியதைக் கூட்டம் அந்த வாரம் முழுவதும் நடித்துக் காட்டியது.

அன்று மாலை அலரி மரத்தடிக்குப் போகவில்லை. நேராகப் பொந்துக்குள் போய்ப் பாறையைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டது.

"அம்மா, இன்னைக்கு ஏறலையா?"

அலரி பாறையோடு இன்னும் ஒட்டிப் படுத்தது.

"அம்மா, படுத்துட்டியா?"

அலரி இரண்டு கைகளாலும் காதுகளைப் பொத்திக்கொண்டது.

காலையில் டக் டக் என்ற சத்தத்தில்தான் விழித்தது. ஒரு மரங்கொத்தி பொந்துக்குப் பக்கத்து வேரில் கொத்திக்கொண்டிருந்தது. தலையில் சிவப்புக் கொண்டை. அதற்கு இனிப்பாகவும் பேசத் தெரியாது, கசப்பாகவும் பேசத் தெரியாது. உள்ளதைச் சொல்லும்.

"கொஞ்சம் நகருங்கம்மா. உங்க முதுகுக்குப் பின்னாடி ஒரு புழு இருக்கு."

அலரி நகர்ந்தது. புழு போனது.

"இந்த மரத்தை முழுசாத் தெரியுமா அண்ணே உங்களுக்கு?"

"என் தொழிலே அதுதான்."

"நான் அன்னைக்கு எவ்வளவு ஏறினேன்னு..."

"மூணு முழம். முண்டு ஒடிஞ்ச இடம் தெரியுதே."

"மூணு முழம்தானா?"

"மூணுதான். நாலும் இல்ல, ரெண்டும் இல்ல. முதல் கவட்டுக்கு இன்னும் பதினொண்ணு இருக்கு." அது தத்தித் தத்தி ஏறி, மூன்று முழ உயரத்தில் டக் டக் என்று ஒரு சின்னக் குழி வெட்டியது.

"எதுக்கு அது?"

"எனக்கு ஞாபக சக்தி கிடையாது. எதையும் கொத்தி வெச்சாத்தான் ஞாபகம்."

அலரி அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று முழம் என்பது ஒன்றுமே இல்லை என்றுதான் அது நினைத்திருந்தது. இப்போது அது ஓர் இடமாகத் தெரிந்தது.

"என்ன செஞ்சும் குறைய மாட்டேங்குது அண்ணே. இப்பக்கூடப் பாருங்க, நேத்து சாயங்காலத்திலேர்ந்து நான் ஒண்ணுமே திங்க..."

சொல்லி முடிப்பதற்குள் அலரியின் வாயிலிருந்து ஒரு வேர்க்கடலை கீழே விழுந்தது.

மரங்கொத்தி தலையைச் சாய்த்துப் பார்த்தது. "அது என்னது?"

"தெரியலையே," என்றது அலரி. இன்னொன்று விழுந்தது.

குரங்குகளின் கன்னத்துக்குள் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பைகள் உண்டு. கிடைத்ததை அவசரமாக உள்ளே அடக்கிக்கொண்டு, பிறகு ஓர் ஓரமாகப் போய்த் தின்பதற்கு. அலரி குட்டியாக இருந்தபோது அதன் கையில் எது இருந்தாலும் பெரியவை பிடுங்கிக்கொள்ளும். அதனால் கைக்கு வந்ததை அந்த நொடியே கன்னத்தில் அடக்கப் பழகியது. இப்போது அதனிடம் யாரும் பிடுங்குவதில்லை. ஆனால் கன்னத்துக்கு அது தெரியாது.

அலரி விரலை விட்டு ஒவ்வொன்றாக எடுத்து ஒரு தேக்கிலைமேல் வைத்தது. கடலை. ஊறிப்போன பிஸ்கட். பழத்துண்டு. மறுபடியும் கடலை. இலையின் பச்சை மறைந்துவிட்டது.

"இவ்வளவும் நீங்க திங்காதப்ப தின்னதா?" என்றது மரங்கொத்தி.

அலரிக்கு முதலில் அழுகை வருவது போலத்தான் இருந்தது. ஆனால் வந்தது சிரிப்பு. வயிறு குலுங்கச் சிரித்தது. பட்டினி கிடந்த நாளில் கூடக் கன்னம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்ததோ என்னவோ.

"இன்னையிலேர்ந்து எல்லாத்தையும் விட்டுடறேன் அண்ணே. பழம், கடலை, முறுக்கு, எல்லாத்தையும்."

"நாலு நாள் முன்னாடியும் எல்லாத்தையும் விட்டீங்க. கடைசியில நரியோட முறுக்கு போச்சு."

அலரி யோசித்தது.

"அப்போ கன்னத்துல போடறதை மட்டும் விடறேன்."

"அது உங்க பாடு," என்று சொல்லிவிட்டு மரங்கொத்தி அடுத்த புழுவைத் தேடிப் போனது.

சொல்வது எளிது. வளைவில் அன்று முதல் பழம் வந்ததும் கை தானாகவே கன்னத்துக்குப் போனது. அலரி அதை வெளியே எடுத்தது. மறுபடியும் போனது. மறுபடியும் எடுத்தது. சுவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, தோலை உரித்து, ஒரு கடி கடித்தது. மென்றது. விழுங்கியது. அடுத்த கடி. ஒரு வாழைப்பழம் அவ்வளவு நீளம் என்று அதற்குத் தெரியாது. நடுவில் லேசான புளிப்பு இருப்பதும் அன்றுதான் தெரிந்தது.

முன்பெல்லாம் அந்த நேரத்துக்குள் ஆறு பழம் உள்ளே போயிருக்கும். அன்று மூன்றாவது பழத்தில் வயிறு போதும் என்றது. அலரி சுற்றுமுற்றும் பார்த்தது. வயிறு அப்படிச் சொல்லிக் கேட்டு எத்தனையோ காலமாகிவிட்டது.

"அக்கா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று தும்பை ஓடி வந்தது. எதற்கெடுத்தாலும் கவலைப்படுவது அதன் சுபாவம். "பழத்தை அப்படியே வெச்சிருக்கே?"

"நல்லாத்தான் இருக்கேன். நீ வேணா தின்னு."

"மொகம் வாடியிருக்கே."

"கன்னம் காலியா இருக்குடி. வேற ஒண்ணுமில்ல."

அன்று மாலை அலரி மரத்தடிக்குப் போனது. மூன்று முழக் குழியைத் தொட்டது. அதற்கு மேல் போக முடியவில்லை. இறங்கிவிட்டது. மறுநாளும் அதே குழி. அதற்கு மறுநாளும் அதே. ஏழாம் நாள் அதற்கு மேலே நான்கு விரல்.

டக் டக் என்று மரங்கொத்தி அங்கே கொத்தியது.

"நாலு விரல்தானே அண்ணே. இதுக்குப் போயா?"

"நாலு விரல்னா நாலு விரல்."

ஐந்து முழத்தை எட்டிய அன்று, புதர்களின் தலைக்கு மேலாக அலரிக்கு ஓடையின் வளைவு தெரிந்தது. வளைவில் ஓர் அத்தி மரம். அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகப் பழம். அந்த மரம் அங்கே இருப்பதையே அலரி மறந்துபோயிருந்தது.

"நுங்கு, நாளைக்கு அம்மாகூட அத்திப்பழம் திங்க வர்றியா?"

"நடந்தா?"

"நடந்துதான்."

"நீயா?"

"நான்தான்டி."

மறுநாள் காலை வண்டி வரும் நேரத்துக்கு முன்னால் இரண்டும் கிளம்பின. நுங்கு முன்னால் ஓடும், கல்மேல் ஏறி உட்கார்ந்து காத்திருக்கும், அம்மா வந்து சேர்ந்ததும் மறுபடி ஓடும். அலரி வழியில் ஐந்து இடத்தில் உட்கார்ந்தது. தொடைகள் உரசி எரிந்தன. மூச்சு சீழ்க்கை அடித்தது.

"திரும்பிப் போயிடலாமாம்மா?"

"இரு. இந்தக் கல்லு நல்லா இருக்கு. கொஞ்சம் உக்காந்துட்டுப் போலாம்."

"எல்லாக் கல்லையும் நல்லா இருக்குங்கறே."

"எல்லாக் கல்லும் நல்லாத்தான் இருக்கு."

பதினைந்து நாள் கழித்து இரண்டு கல் போதுமாக இருந்தது. அத்திப்பழம் வாழைப்பழம் போல இனிக்கவில்லை. ஒவ்வொன்றிலும் பூச்சி பார்த்துத் தின்ன வேண்டும், நேரம் பிடிக்கும். எட்டாவது வளைவுக்கும் அலரி போகாமல் இல்லை. தினமும் ஒரு பழம் அங்கே வாங்கிக்கொள்ளும், சுவருக்குப் பின்னால் வைத்து மெதுவாகத் தின்னும். அந்த ஒரு பழத்தையும் விட்டால் மறுபடி நரியின் முறுக்கில்தான் போய் முடியும் என்று அதற்குத் தோன்றியது.

பார்ப்பதற்கு அலரி அப்படியேதான் இருந்தது. "குதிர் நடை பழகுது பாரு" என்று கூட்டம் சிரித்தது. மரத்தில் குழிகள் மட்டும் கூடிக்கொண்டு போயின. ஆறு முழம். ஆறரை. எட்டு.

புரட்டாசி பிறந்தது. முதல் சனிக்கிழமை மலைக்கோயிலுக்கு வண்டிமேல் வண்டி. சர்க்கரைப் பொங்கல், வடை, சுண்டல். அன்று காலையே அலரிக்கு மனசு சரியில்லை. முந்தின நாள் கட்டையன் கரடு இருக்கும் பக்கத்தைக் காட்டி, "வழியில முள்ளை ஒதுக்கி வெச்சிருக்கேன்" என்று சொல்லியிருந்தது. நல்ல எண்ணத்தில்தான் சொன்னது.

பொழுது சாயும்போது அலரியின் இரண்டு கன்னமும் பலாக்கொட்டை போலப் புடைத்திருந்தன. எப்போது அடக்கியது என்று அதற்குத் தெரியாது.

மரத்தடிக்கு வந்தது. ஏறியது. பத்து முழம் ஏறிப் பழகிய மரத்தில் அன்று ஏழரை முழத்தில் கை விட்டுவிட்டது. மரங்கொத்தி அந்த இடத்துக்கு வந்தது.

"கொத்தாதீங்க அண்ணே."

"ஏன்?"

"இது கீழ இருக்கு. அசிங்கம்."

"மரத்துக்கு அதெல்லாம் தெரியாது," என்று மரங்கொத்தி டக் டக்கென்று கொத்தியது. மற்றக் குழிகளைவிட ஆழமாகவே கொத்தியது. அங்கே பட்டை மெத்தென்று இருந்தது.

அலரி கீழே நின்று அண்ணாந்து பார்த்தது. "இனிமே நான் எங்கேர்ந்து ஏறணும்?"

"தரையிலேர்ந்துதான். நேத்து எங்கேர்ந்து ஏறினீங்க?"

"தரையிலேர்ந்து."

"கட்டையன் எங்கேர்ந்து ஏறறார்?"

அலரி தரையைப் பார்த்தது. வேரோரம் போய்க் கன்னத்திலிருந்ததை எறும்புகளுக்கு எடுத்து வைத்தது. பிறகு பொந்துக்குள் போய்ப் படுத்தது. பாறையைப் பார்த்துத் திரும்பியது. கொஞ்ச நேரம் கழித்து இந்தப் பக்கம் திரும்பியது.

"நுங்கு, படுத்துட்டியா?"

"படுத்துட்டேம்மா. நீ?"

"நானும் படுத்துட்டேன்."

காலையில் இரண்டும் அத்தி மரத்துக்கு நடந்து போயின.

அந்த வருடம் மழை ஐப்பசிக்காகக் காத்திருக்கவில்லை. புரட்டாசி முடிய ஒரு வாரம் இருந்தது. மரத்தில் குழிகள் பன்னிரண்டு முழம் வரை போயிருந்தன. அன்று பிற்பகல் மலைக்கு மேலே வானம் கறுத்தது. இடி இல்லை, காற்றில்லை. நேராக மழைதான்.

அலரி அத்தி மரத்திலிருந்து திரும்பி வருவதற்குள் ஓடை செந்நிறமாகிவிட்டிருந்தது. நுங்கை மரத்தில் ஏற்றிவிட்டுத் திரும்பினால் பொந்துக்குள் தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தது.

"அலரி!" என்று கட்டையன் மேலேயிருந்து கத்தியது. "கரட்டுக்கு ஓடு! இப்பப் போனாப் போயிடலாம்!"

அலரி அந்த வழியைப் பார்த்தது. முள் ஒதுக்கி வைத்த வழி. அதில் கணுக்கால் அளவு தண்ணீர்தான். போய்விடலாம். அங்கே தையில் மழை விடும்வரை தனியாக உட்கார்ந்திருக்கலாம்.

"அம்மா!" என்று மேலே நுங்கு அழுதது.

அலரி திரும்பி மரத்தில் கையை வைத்தது.

"வேண்டாம் அக்கா! பட்டை வழுக்கும்!" என்று தும்பை அலறியது.

வழுக்கத்தான் செய்தது. எத்தனையோ நாளாகப் பிடித்துப் பழகிய பிளவுகளில் மழை ஒழுகியது. விரல் நிற்கவில்லை. அலரி ஒரு பெரிய வேரின்மேல் ஏறி, மரத்தோடு ஒட்டி நின்று தடவிப் பார்த்தது. கைக்கு ஒரு குழி கிடைத்தது. மூன்று முழத்தில் வெட்டிய முதல் குழி. இரண்டு விரல் சரியாக உள்ளே போயின.

அதற்கு நான்கு விரல் மேலே அடுத்தது. அதற்கு மேலே அடுத்தது.

மழையில் கண் திறக்க முடியவில்லை. திறக்கத் தேவையும் இருக்கவில்லை. ஒவ்வொரு குழியும் எங்கே இருக்கிறதென்று கைக்குத் தெரிந்திருந்தது. ஐந்து முழம், அத்தி மரம் தெரிந்த இடம். எட்டு முழம். ஒன்பதில் வலது கை வழுக்கியது. உடம்பு முழுவதும் ஒரு கையில் தொங்கியது. கால் மரத்தில் உதைத்து உதைத்து இடம் தேடியது. கட்டைவிரல் ஓர் ஆழமான குழிக்குள் போய் நின்றது.

ஏழரை முழக் குழி.

அலரி அதன்மேல் நின்று மூச்சு வாங்கியது. மேலே யாரும் சிரிக்கவில்லை.

பத்து. பதினொன்று. பன்னிரண்டு. அதற்கு மேல் குழிகள் இல்லை. அலரி வெறும் பட்டையில் நகத்தை ஊன்றி ஒரு முழம் ஏறியது. இன்னும் ஒரு முழம்தான். கைகள் அசைய மறுத்தன.

நுங்கு முதல் கவட்டுக்கு இறங்கி வந்து, தலைகீழாகத் தொங்கி, தன் சின்னக் கையை நீட்டியது. "என் கையைப் பிடிச்சுக்கம்மா!"

"தள்ளிப் போடி. நீயும் விழுந்துடுவே."

நுங்கைத் தள்ளிக்கொண்டு கட்டையனும் தும்பையும் வந்தன. ஆளுக்கொரு கையைப் பிடித்தன.

"இன்னும் ரெண்டு பேரைக் கூப்பிடு!" என்றது தும்பை.

"இழு முதல்ல," என்றது கட்டையன்.

இழுத்தன. அலரியின் வயிறு பட்டையில் உரசிக்கொண்டு மேலே வந்தது. பிறகு மார்பு கவட்டின்மேல் விழுந்தது. பிறகு ஒரு கால். கவடு லேசாக ஆடி நின்றது.

கட்டையன் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "ரெண்டு பேரே போதுமா இருந்துச்சே," என்றது. பிறகு மேலே ஏறிப் போய்விட்டது.

கீழே பொந்து இருந்த இடம் தெரியவில்லை. தண்ணீர் வேர்களை மூடிக்கொண்டு ஓடியது.

நுங்கு தாயின் மடிக்குள் புகுந்து அங்குமிங்கும் புரண்டு இடம் பார்த்தது.

"சித்தி மடியில எலும்பு குத்தும்மா," என்றது. "உன் மடி பெருசா இருக்கு."

"இருக்கட்டும். படு."

"நீ படுத்துட்டியா?"

"இங்கதானேடி இருக்கேன்."

காலையில் மழை விட்டிருந்தது. எட்டாவது வளைவில் ஒரு வண்டியின் ஹாரன் கேட்டது. கூட்டம் கிளைக்குக் கிளை தாவிப் போனது. மரங்கொத்தி ஈரப்பட்டையில் மும்முரமாகப் புழு தேடிக்கொண்டிருந்தது. நுங்கு இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது. அலரி அதன் தலை அசையாமல் ஒரு கையை மட்டும் மெல்ல எடுத்து, கவட்டுக்கு மேலே நீட்டி, பட்டையைத் தடவி, ஒரு பிளவைக் கண்டு அதற்குள் விரல்களை நுழைத்துப் பிடித்துப் பார்த்தது.

நீதி: உடம்பை ஒரே நாளில் மாற்ற முடியாது, ஒரு பழக்கத்தை இன்று மாற்றலாம், தவறினால் நாளையும் தொடங்கலாம்.